ஓடிவா என்றதும் ஓடிவர: வெள்ளவத்தை வீட்டில் ஆறு கிழமை நாய்க்குட்டிப் பயிற்சி

கொழும்பில் வீட்டுக்கே வந்து நாய்க்குட்டிகளைப் பழக்கும் ஒருவரிடம் எங்கள் குட்டிக்கு ஆறு கிழமை பயிற்சி பெற்றோம். கிழமைக்கு ஒரு வருகை, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம், ஆறுக்கும் சேர்த்து 27,000 ரூபாய். நாங்கள் அவரிடம் கேட்டவை இரண்டுதான்: கூப்பிட்டால் குட்டி வர வேண்டும், லீஷ் (நாயைக் கையில் பிடித்து நடத்தும் வார்) பூட்டினால் இழுக்காமல் நடக்க வேண்டும். கைகொடுப்பது, உருள்வது போன்ற வித்தைகளில் எங்களுக்கு ஆசை இல்லை. அவர் நிறுவனம் வைத்து நடத்துபவர் அல்லர், தனி ஆள். ஆகையால் பெயரை எழுதவில்லை. இதே வேலையைச் செய்கிறவர்கள் நகரத்தில் இன்னும் பலர் இருப்பதால், எவரிடம் போனாலும் என்னென்ன கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்கு எங்கள் அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

குட்டி, வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்துக்கு அருகில் ஒரு தெருநாய் ஈன்ற ஐந்தில் ஒன்று. கொத்தமல்லி விதையின் நிறம் என்பதால் மகள் அதற்கு மல்லி என்று பெயர் வைத்தாள். பிறந்து ஏழாவது கிழமையில் முதல் தடுப்பூசி போட்டோம். ஒன்பதாவது கிழமையில் பயிற்சியாளர் முதன்முறையாக வீட்டுக்கு வந்தார்.

அன்று அவர் குட்டியைத் தொடவேயில்லை. கதிரையில் அமர்ந்துகொண்டு, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் குட்டியைக் கூப்பிட்டுக் காட்டும்படி கேட்டார். அம்மா “இஞ்ச வா மல்லி” என்றார். மகள் “கம், கம்” என்று கைதட்டினாள். கணவர் சீட்டியடித்தார். வீட்டு வேலைக்கு வரும் அக்கா சிங்களத்தில் “மெஹெ எண்ட” என்றார். குட்டி நடுவில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிடிவாதம் அதிகம் என்று அதுவரை நாங்கள் எல்லோரும் சொல்லிவந்தோம். உண்மையில், ஒரே செயலுக்கு நான்கு ஒலிகளைக் கேட்டு, அவற்றில் எதற்கும் தெளிவான பொருள் கிடைக்காமல் அது இருந்திருக்கிறது.

பெயரைப் பற்றி அவர் சொன்னதை நாங்கள் எவரும் யோசித்துப் பார்த்திருக்கவில்லை. சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. ஓட்டோக்காரரையும், மரக்கறி விற்கிறவரையும், கடையில் நிற்கும் பையனையும் காலி வீதி முழுவதும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தச் சொல் விழுகிறது என்று பிறகு கவனித்தபோது வியப்பாக இருந்தது. தன் பெயரை நாள் முழுவதும் கேட்டும் அதனால் தனக்கு எதுவும் நடக்காது என்பதை ஒரு குட்டி மிக விரைவில் கற்றுக்கொள்ளும். பெயரை மாற்றும்படி அவர் சொல்லவில்லை. கூப்பிடுவதற்கென்று தனியாக ஒரு சொல், தெருவிலும் வீட்டிலும் வேறு எதற்கும் பயன்படாத சொல், வேண்டும் என்றார். அரை மணி நேரம் பேசி “ஓடிவா” என்று முடிவு செய்தோம். வேலைக்கு வரும் அக்காவும் அதையே சொல்லப் பழகிக்கொண்டார். சொல்லப்போனால் எங்கள் எல்லோரையும் விட அவர் குரலில்தான் அது அழகாக ஒலிக்கிறது.

இவருடைய முறையில் எனக்கு முதலில் உடன்பாடு இல்லாத இடமும் ஒன்று இருந்தது. முதல் இரண்டு கிழமையும் லீஷைக் கையில் எடுக்கவே விடவில்லை. பணம் கொடுத்திருக்கிறோம், நடக்கப் பழக்காமல் வீட்டுக்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாரே என்று கணவரும் முணுமுணுத்தார். மூன்றாவது கிழமையில்தான் காரணம் விளங்கியது. நாயின் உடம்பில் ஒரு பக்கமாக இழுவை விழுந்தால் அது மறுபக்கமாகச் சாயும்; அது யோசித்துச் செய்வதன்று, உடம்பின் இயல்பு. எம்மிடம் வருவதில் எந்த நன்மையையும் அறியாத குட்டிக்கு முதலிலேயே லீஷைப் பூட்டினால், அது கற்பது இழுபறி ஒன்றைத்தான். எம் அருகில் நிற்பதே ஆதாயம் என்று அறிந்துகொண்ட குட்டிக்கு லீஷ் வெறும் காப்பு. வண்டி வரும் வீதியில் அது தேவை, ஆனால் நடையைத் தீர்மானிப்பது அதுவன்று. கூப்பிட்டால் வருவதும் லீஷில் நடப்பதும் இரண்டு பாடங்கள் என்று நினைத்திருந்த எனக்கு, முன்னதன் தொடர்ச்சிதான் பின்னது என்று புரியவைத்ததற்காகவே இந்தப் பயிற்சிக்குக் கொடுத்த பணம் தகும் என்று கருதுகிறேன்.

கூப்பிடும் பாடம் எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்தது. சிவப்புச் சீமெந்துத் தரையில் குட்டியின் கால்கள் வழுக்கியதால், தும்புப் பாயை நீளமாக விரிக்கச் சொன்னார். வழுக்கிக்கொண்டு வந்து சேரும் குட்டிக்கு வருவதே அச்சம் தரும் காரியமாகிவிடும் என்றார். இரண்டு பேர் ஆறடி இடைவெளியில் குந்தியிருக்க வேண்டும். ஒருவர் ஒரேயொரு முறை “ஓடிவா” என்று சொல்ல வேண்டும். வராவிட்டால் மறுபடி சொல்லக் கூடாது. தரையைத் தட்டலாம், எழுந்து எதிர்ப்பக்கமாக ஓடலாம், ஏனெனில் ஓடுகிறவரைத் துரத்துவது குட்டிக்கு விருப்பம். குட்டியைத் துரத்திக்கொண்டு நாம் ஓடினால் அதே விளையாட்டு தலைகீழாகி, தப்பி ஓடும் கலையை நாமே கற்றுக்கொடுத்தவர்கள் ஆவோம்.

குட்டி வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஒரு கை கழுத்துப்பட்டிக்குள் இரண்டு விரலை மெல்ல நுழைக்க வேண்டும். அதன் பிறகே மறு கையிலிருந்து தீன். இதை நான் மாற்றிச் செய்தபோது என் கையைப் பிடித்துத் திருத்தினார். தீனைக் கொடுத்துவிட்டுப் பட்டியைப் பிடித்தால், பிடிபடுவது தீனுக்குப் பிறகு வரும் தண்டனை என்று குட்டி கணக்குப் போடும். பட்டியைப் பிடித்த பிறகு தீன் வந்தால், பிடிபடுவதே தீன் வரப்போவதன் அறிகுறியாகும். அந்த ஒரு நொடி வித்தியாசத்தின் பலனை ஐந்தாவது கிழமையில் கண்ணால் கண்டேன்: கழுத்தை நோக்கிக் கை நீண்டதும் மல்லி பின்வாங்காமல் தாடையைத் தூக்கிக் கொடுத்தது. கைக்கு எட்டும் தூரம் வரை வந்து, பிடிக்கப் போனால் துள்ளி விலகும் நாய்களைத் தெருவெங்கும் பார்க்கிறோம். அவற்றுக்கு வரத் தெரியாமலில்லை. பிடிபடுவதில் நல்லது எதுவும் இல்லை என்று தெரியும்.

தீன் விடயத்தில் அம்மாவுக்கும் அவருக்கும் ஒரு சிறு வாக்குவாதம். அம்மா உப்பு நெத்தலியை வறுத்து வைத்திருந்தார். “அம்மா, வாசம் நல்லது, உப்புத்தான் கூடாது” என்றார் அவர். “தம்பி, ஊரில எல்லா நாயும் கருவாட்டுத் தலை தின்டுதான் வளர்ந்தது” என்றார் அம்மா. கடைசியில் அவித்த கோழி ஈரலும், உப்பில்லாமல் அவித்த கோழிச் சதையும் என்று உடன்பட்டார்கள். ஒவ்வொரு துண்டும் பயறளவு; ஒரு பாடத்துக்கு இருபது துண்டு; அந்த அளவை இரவுச் சாப்பாட்டில் குறைக்க வேண்டும். சொக்லேட், திராட்சை, முந்திரிகை வத்தல் (உலர்ந்த திராட்சை), வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதையும், சமைத்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதையும் மகளைக் கொண்டு குளிரூட்டியின் கதவில் எழுதி ஒட்டச் செய்தார்.

அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்பதை அவர் எத்தனை முறை வலியுறுத்தியும், நான்காவது கிழமையில் அது எங்கள் கையாலேயே கெட்டது. குடற்புழுவுக்கான பூச்சி மருந்து கொடுக்க வேண்டிய நாள். நான் வேலையில் இருந்தேன். குட்டி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டதால், அம்மா “ஓடிவா” என்று கூப்பிட்டிருக்கிறார். அதுவும் நம்பி ஓடிவந்திருக்கிறது. மடியில் அமுக்கிப் பிடித்து மருந்தை வாயில் ஊற்றினார். பின்னேரம் நான் வீட்டுக்கு வந்து அதே சொல்லைச் சொன்னபோது, மல்லி நின்ற இடத்திலேயே முன்காலில் ஒன்றைத் தூக்கியபடி என் கைகளைப் பார்த்தது. முகத்தைப் பார்க்கவில்லை. கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தது. இரண்டு நாள் அப்படியே. அம்மா மிகவும் வருந்தினார்; அவர் செய்தது எவரும் செய்யக்கூடியது.

பயிற்சியாளரைத் தொலைபேசியில் அழைத்தபோது கடிந்துகொள்ளாமல் வழி சொன்னார். மூன்று நாளைக்கு அந்தச் சொல்லை முற்றாக நிறுத்த வேண்டும். பிறகு ஓரடித் தூரத்திலிருந்து, வேறு எந்த வேளையிலும் கிடைக்காத ஈரலை மட்டும் வைத்து, ஒரு நாளைக்கு ஐந்து முறை அம்மாவே கூப்பிட வேண்டும். குளிப்பாட்ட, நகம் வெட்ட, மருந்து கொடுக்க, விளையாட்டை நிறுத்தி உள்ளே அடைக்க என்றால் கூப்பிடக் கூடாது; நாமே நடந்து போய்த் தூக்கிவர வேண்டும். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை தீனைக் கொடுத்துவிட்டு, விட்ட விளையாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். இந்தத் திருப்பி அனுப்புதலைத்தான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வந்தால் விளையாட்டு முடிந்தது என்று கண்ட குட்டி ஏன் வரப்போகிறது? ஒரு கிழமையில் பழைய நிலை திரும்பியது.

தடுப்பூசித் தொடர் பதினாறாவது கிழமை வரை நீளும் என்பதால், அதுவரை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சொந்தக்காரர்கள் பலர் எச்சரித்தார்கள். தெருநாய்கள் நடமாடும் மண்ணில், குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால் அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் குட்டி உலகத்தை அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் பருவம் பிறந்து ஏறத்தாழ மூன்றாவது கிழமையில் தொடங்கிப் பதினான்காவது கிழமைக்குள் மூடிக்கொள்கிறது. தடுப்பூசி முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கதவு சாத்தப்பட்ட பிறகுதான் வீதியைக் காட்டுவோம். அமெரிக்காவில் விலங்கு நடத்தை பற்றிய கால்நடை வைத்தியர்களின் சங்கம் 2008 இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், முதல் தடுப்பூசி போட்டுக் குறைந்தது ஏழு நாள் கழிந்திருந்தால் ஏழு, எட்டுக் கிழமைக் குட்டிகளும் பயிற்சி வகுப்புக்குப் போகலாம் என்று கூறுகிறது. எங்களுக்கு அவர் சொன்ன வழி இரண்டுக்கும் நடுவில் இருந்தது: தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். தினமும் பத்து நிமிடம், துவாயில் சுற்றிய மல்லியோடு மெரைன் டிரைவ் பக்கம் நின்றேன். கரையோர ரயில் கடந்தபோது முதல் நாள் அது என் அக்குளுக்குள் முகத்தைப் புதைத்தது. ஐந்தாம் நாள் ரயிலைப் பார்த்துவிட்டு என் சட்டைப் பையை மோந்தது. ஈரல் அங்கேதான் இருக்கும்.

இனி லீஷ். நாங்கள் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தவை இரண்டு: கழுத்துப்பட்டியும், கைப்பிடிக்குள் சுருண்டு நீளும் வகை லீஷும். பிந்தியது 4,500 ரூபாய். அதை அவர் அலுமாரியில் வைக்கச் சொன்னார். அதன் உள்ளே இருக்கும் சுருள்வில் எப்போதும் சிறிது இறுக்கத்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால், இழுத்தால்தான் முன்னே போகலாம் என்ற பாடத்தை ஒவ்வோர் அடியிலும் அது கற்பிக்கும். கை தவறி விழுந்தால் பிளாஸ்டிக் பிடி தரையில் சடசடவென்று அடித்துக்கொண்டு குட்டியின் பின்னாலேயே ஓடும். அந்த அச்சம் பிறகு எளிதில் போகாது. மெல்லிய கயிறு கையை அறுக்கவும் செய்யும். குட்டிக்கு இந்தப் பொருளை நானும் பரிந்துரைக்க மாட்டேன்.

கழுத்துப்பட்டி பெயர்த்தகட்டுக்கு மட்டும். லீஷ் பூட்டுவதற்கு மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸ் வாங்கினோம், 3,800 ரூபாய். தொண்டைக்குழாய் மென்மையாக இருக்கும் வயதில் கழுத்தில் இழுவை விழக் கூடாது. கழுத்துப்பட்டியில் இழுபடும் நாயின் கண்ணுக்குள் அழுத்தம் உயர்வதையும், ஹார்னஸில் அவ்வாறு உயராததையும் 2006 இல் வெளியான ஒரு கால்நடை ஆய்வு அளந்து காட்டியிருக்கிறது. வாங்கும்போது, பட்டைகள் தோள்மூட்டுக்குக் குறுக்கே போகாமல் மார்பெலும்பின் மேல் கவை வடிவில் சேரும் வகையாகப் பார்த்து எடுங்கள். எந்தப் பட்டைக்கும் அடியில் இரண்டு விரல் போக வேண்டும். எங்கள் குட்டிக்குப் பத்து நாளுக்கு ஒரு முறை தளர்த்த வேண்டியிருந்தது. ஒரு முறை மறந்ததில் முன்காலின் பின்புறம் சிவந்து உராய்ந்துவிட்டது. இந்த வாங்குதல்களில் மலிவானதும் மிகப் பயனுள்ளதும், புறக்கோட்டையில் மீற்றர் கணக்கில் வாங்கித் தைப்பித்த பத்து மீற்றர் பருத்தி நாடாதான். தெஹிவளையில் தம்பி வீட்டு மதிலுக்குள் அதைத் தரையில் இழுபட விட்டு, தூரத்திலிருந்து கூப்பிடப் பழக்கினோம். நாடாவைச் சுண்டி இழுத்து வரவழைப்பதற்காக அன்று, குட்டி சொல்லைக் கேளாமல் வேறு பக்கம் போய்ப் பரிசு பெற்றுவிடாமல் தடுப்பதற்காக மட்டுமே அது.

நடைப் பாடம் பார்ப்பதற்குச் சலிப்பூட்டும், ஆனால் அதில்தான் இவருடைய பொறுமை தெரிந்தது. ஹார்னஸைப் போட்டு வீட்டுக்குள் தீன் தின்ன விடச் சொன்னார், அடுத்த நாள் மெல்லிய லீஷை எங்கள் கண்பார்வையில் தரையில் இழுபட விடச் சொன்னார், அதற்கடுத்த நாள்தான் நுனியைக் கையில் எடுக்கச் சொன்னார். லீஷ் தளர்ந்திருந்தால் நடக்க வேண்டும். இறுகினால் மரம்போல் நிற்க வேண்டும். இழுக்கவும் கூடாது, பேசவும் கூடாது. குட்டி திரும்பிப் பார்த்தாலோ ஓரடி பின்னால் வந்தாலோ லீஷ் தானாகத் தளரும்; அந்த நொடியில் நடை தொடர வேண்டும், இடது முழங்காலின் ஓரத்தில் தீன் கொடுக்க வேண்டும். கையை முன்னே நீட்டிக் கொடுத்தால் குட்டி முன்னே போய்க் குறுக்கே நிற்கும். எங்கள் வாயிலிலிருந்து ஒழுங்கையின் முடிவிலுள்ள மின்கம்பம் நாற்பது மீற்றர் இருக்கலாம். முதல் நாள் அங்கே போய்ச் சேர 23 நிமிடம் எடுத்தது. நேரமில்லாத அன்று இழுத்துக்கொண்டு போவதை விடத் தூக்கிக்கொண்டு போவது மேல் என்று அவர் சொன்னதை இன்றும் கடைப்பிடிக்கிறேன். நடை காலை ஆறரைக்கு முன். வெயில் ஏறிய பிறகு வெளியே போக நேர்ந்தால் புறங்கையைத் தாரில் ஏழு நொடி வைத்துப் பார்க்கச் சொன்னார். நமக்குப் பொறுக்காவிட்டால் குட்டியின் பாதத்துக்கும் பொறுக்காது.

பின்னேரத்தில் இசையோடு வரும் பாண் ஓட்டோவை அவர் பாடமாக்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த இசை கேட்டதும் மல்லி லீஷின் நுனிவரை பாய்ந்து குரைக்கும். ஓட்டோ ஒழுங்கையின் மறுமுனையில், இசை மெல்லிதாகக் கேட்கும் தூரத்தில் இருக்கும்போதே தீனைத் தொடங்கினார். கிட்ட வந்தபோது எங்களைத் திரும்பி நடக்கச் சொன்னார். குரைத்த பிறகு அடக்குவதை விட, குரைக்காமல் பார்க்கக்கூடிய தூரத்தை அறிந்து அங்கே நிற்பதுதான் வேலை. ஒரு மாதத்தில் இசை கேட்டால் என் முழங்காலைத் தேடி வரத் தொடங்கியது. பாண்கார ஐயாவும் ஒத்துழைத்தார். எங்களைக் கண்டால் சிறிது தூரத்திலேயே நிறுத்திவிடுவார்.

குறைகளைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஒவ்வொரு வருகையின் முடிவிலும் அவர் தரும் பாடக்குறிப்பு ஆங்கிலத்தில் மட்டுமே உண்டு. பகல் முழுவதும் குட்டியோடு இருப்பவர் அம்மா. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. பயிற்சியாளர் தமிழில் சரளமாகப் பேசுபவர், நேரில் பொறுமையாக விளக்கினார், ஆனால் பூச்சி மருந்து நடந்த அன்று “இவற்றுக்குக் கூப்பிடாதீர்கள்” என்ற பட்டியல் மேசையில் ஆங்கிலத்தில்தான் கிடந்தது. பிறகு நானே எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பிரதியை அவருக்கும் அனுப்பியிருக்கிறேன், பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது, ஆறு வருகையில் வீதிப் பாடம் ஒன்றே ஒன்று. கொழும்பில் லீஷோடு நடக்கிறவருக்கு உண்மையான சோதனை ஒழுங்கைக்கு ஒழுங்கை நிற்கும் தெருநாய்கள்தான். அவை நெருங்கினால் லீஷை இறுக்காமல் வளைந்து திரும்ப வேண்டும், ஒரு பிடி தீனை அவை நிற்கும் பக்கம் வீசிவிட்டு விலக வேண்டும் என்று வாயால் சொல்லித் தந்தார். ஒரு முறையாவது கூட நின்று செய்து காட்டியிருக்கலாம். ஐந்தாவது வருகை மழையால் தள்ளிப்போனதும் இதற்கு ஒரு காரணம்.

மூன்றாவதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒன்பதாவது கிழமையில் தொடங்கிய பயிற்சி பதினைந்தாவது கிழமையில் முடிந்துவிடுகிறது. குட்டி தாயைப் போல் நம்மைத் தொடரும் வயது அது. ஆறு மாதத்தைத் தாண்டியதும் இளமைப் பருவம் தொடங்கி, அதுவரை ஓடிவந்த நாய் காது கேளாததுபோல் நிற்கத் தொடங்கும் என்பதை அவரே சொன்னார். அப்படியானால் அந்த வயதில் ஒரு வருகையாவது கட்டணத்துக்குள் இருக்க வேண்டும். ஐந்து கிழமையில் ஐந்து வருகை, ஏழாவது மாதத்தில் ஆறாவது என்று பிரித்துத் தரும்படி ஆரம்பத்திலேயே கேளுங்கள். நாங்கள் கேட்கத் தெரியாமல் விட்டோம்.

இப்போது மல்லிக்கு ஆறு மாதம். வீட்டுக்குள்ளும் மதிலுக்குள்ளும் ஒரே சொல்லில் வருகிறது. நீண்ட நாடாவில், மற்ற நாய் இல்லாத இடத்தில் பெரும்பாலும் வருகிறது. காகம் மீன் தலையைத் தூக்கிக்கொண்டு மதிலில் உட்கார்ந்தால் வருவதில்லை. ஆகவே அப்படியான நேரத்தில் நான் கூப்பிடுவதும் இல்லை, நாடாவைச் சுருட்டிக்கொண்டு கிட்டே போகிறேன். வெளி வீதியில் லீஷைக் கழற்றும் எண்ணம் எங்களுக்கு எப்போதும் இல்லை. ஒழுங்கை முடிவிலுள்ள மின்கம்பத்துக்கு நான்கு நிமிடத்தில் போகிறோம், லீஷ் தளர்ந்தே இருக்கிறது. அடுத்த மாதத்துக்கு ஒரு வருகையை, தெருநாய்ப் பாடத்துக்கென்றே கேட்டோம்; அவரும் 4,500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். ஹார்னஸ் மறுபடி சிறிதாகிவிட்டது. அவர் வரும் முன் அடுத்த அளவு வாங்க வேண்டும்.